நூறு பைட்டுக்கு இரண்டாயிரம் இடம்

எனக்குக் கோபம் வந்தால், கணினியின் அடிமட்டத்தில் ஓடும் லினக்ஸ் கெர்னலைத்தான் திட்டுவேன். அது திருப்பித் திட்டாது. வீட்டில் அந்தச் சலுகை கிடையாது.

எங்கள் ஊரின் அலோன் பேட்டையில் ஒரு இறால் கிடங்கில் நான் ஒரு சின்னக் கணினிப் பெட்டி வைத்திருந்தேன். குளிரறை வெப்பமானிகள் அனுப்பும் செய்திகளை வாங்கிப் பதிவதுதான் அதன் வேலை. கரண்ட் போனால் வெப்பமானிகள் பேட்டரியில் அளந்து சேர்த்துவைக்கும். ஜெனரேட்டர் உறுமியதும் அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டும். எங்கள் ஊரில் இது அன்றாடம் நடப்பது.

அப்படிக் கொட்டும்போது பெட்டி பாதியைத் தூக்கி எறிந்தது. எறிந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்ட் இல்லாத நேரத்து அளவுகளைத்தான் இறால் வாங்குபவர் முதலில் கேட்பார். அவை இல்லையென்றால் லோடு திரும்பும், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் வேலை போகும். ஊரின் மறுகோடியில் பசுந்தாங்கிலிருந்து பஸ்ஸில் வருகிற தமிழ்ப் பெண், என்னைவிட இளையவர். முன்பு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பெட்டி வந்த அன்று அந்த நோட்டைக் கிண்டலடித்த புத்திசாலி நான்தான்.

தோண்டிப் பார்த்தேன். ஒரு செய்தி நூறு பைட்தான். கெர்னல் அதை இரண்டாயிரம் பைட் பிடிக்கும் பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், போட்டு, முழு பஃபரையும் என் நிரலின் பேரில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. அதனால் என் நிரலுக்கு ஒதுக்கியிருந்த வரம்பு நொடியில் நிரம்பியது. அதற்குமேல் வந்ததெல்லாம் குப்பை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒல்லியான ஆள் பேரில் முழு பெஞ்சையும் எழுதுவது என்ன நியாயம்? கெர்னலில் ஒரு வரியைத் திருத்தி, செய்தியின் அளவை மட்டும் எழுத வைத்தேன். அநீதியை ஒழித்த திருப்தியில் இரண்டு டீ குடித்தேன்.

கணக்கிலிருந்து கழிக்கும் வரியை நான் தொடவே இல்லை. செய்தி வரும்போது நூறைக் கூட்டிய கெர்னல், அது போகும்போது பழையபடி இரண்டாயிரத்தைக் கழித்தது. சில நாளில் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்துக்குக் கீழே எங்கோ போய்விட்டது. அடுத்த கரண்ட் வெட்டு முடிந்து செய்திகள் கொட்டியபோது, இடம் ஏராளம் என்று நம்பி எல்லாவற்றையும் உள்ளே விட்டது. நிஜ நினைவகம் நிரம்பிப் பெட்டி செத்தது. முன்பு பாதியாவது மிஞ்சும். இப்போது ஒன்றுமே இல்லை.

நான் கிடங்குக்கு ஓடிப்போனபோது அவர் குளிரறை வாசலில் ஸ்வெட்டரோடு நின்றிருந்தார். கையில் அதே நோட்டு. கரண்ட் இல்லாத நேரம் முழுக்க, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், டார்ச் அடித்து எழுதியிருந்தார். என்னை நம்பி நோட்டை விடவே இல்லையாம். வாங்குபவர் அதைப் பார்த்து ஒப்புக்கொள்ள, இறாலை ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது.

அசட்டுத்தனமாக, ஒரு நம்பர் எழுத ஒவ்வொரு தடவையும் உள்ளே போக வேண்டுமா என்று கேட்டேன்.

"நம்பர் சின்னதுதான், அண்ணே," என்றார். "குளிர்ல முழு ஆளுல்ல போய் நிக்கணும்? அதை உங்க பொட்டி எழுதுமா?"

நூறு பைட்டுக்கு முழு பஃபரையும் கணக்கு வைத்து, என் பெட்டி அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. நான்தான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்து என் திருத்தத்தை நீக்கினேன். அமைப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றி வரம்பைக் கூட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அதற்குப் பிறகு வந்த கரண்ட் வெட்டுகளில் ஒரு அளவும் தொலையவில்லை. அவர் இன்னும் நோட்டில் எழுதுகிறார். எனக்குக் கோபம்தான், யார்மேல் என்றுதான் சொல்ல வரவில்லை.