கராஜுக்குள் படகு நின்ற குளிர்காலம்

மெல்பேர்ணில் குளிர் தொடங்கும் மே மாதம் வந்தால் எங்கள் வீட்டில் படகுச் சண்டை தொடங்கிவிடும். பதினாலு அடி அலுமினியப் படகு. நானும் என் மனைவியின் அண்ணனும் பங்குக்கு வாங்கியது. கோடை முழுக்க வெரிபீ சவுத் கடற்கரையில் இறக்கி மீன் பிடிப்போம். குளிர் தொடங்கியதும் அது ட்ரெய்லரில் ஏறி நின்றுவிடும். ஓகஸ்ட் கழியும்வரை யாரும் அதைத் தொடப்போவதில்லை. அதுவரை எங்கே நிற்பது என்பதுதான் சண்டை. மச்சான் இருப்பது அடுக்குமாடியில். ஆகவே தலையிடி என்னுடையது.

முதல் வருடம் வீட்டு முகப்பில் தார்ப்பாயால் மூடி விட்டேன். நாங்கள் இருக்கும் பொயிண்ட் குக்கின் கடற்காற்றைப் பற்றித் தெரியாதவன் செய்கிற வேலை அது. இரண்டு கிழமையில் தார்ப்பாய் கிழிந்து, படகுக்குள் தண்ணீரும் இலையும் சேர்ந்து, நடுவில் யாரோ நங்கூரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லவர்ட்டன் பக்கம் வாடகைக்கு நிறுத்துகிற வேலியடைத்த வளவு ஒன்று இருந்தது. மச்சான் அங்கேதான் விடச் சொன்னான். எனக்குப் பிடிக்கவில்லை. என் பொருள் என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். இந்தப் பிடிவாதம் என்னோடு கூடப்பிறந்தது.

அடுத்த வருடம் மிஞ்சியது கராஜ். ஆனால் கராஜ் என்னுடையது இல்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் கராஜுக்குள் கார் நிற்பது அபூர்வம். வீட்டுக்குள் இருக்கும் பளபளப்பான குசினியில் தேத்தண்ணி மட்டும்தான் போடுவோம். மீன் பொரிப்பது, நண்டு காய்ச்சுவது எல்லாம் கராஜில், இரட்டை அடுப்பும் காஸ் சிலிண்டரும் வைத்து. வீடு மணக்கக்கூடாது, புகை எச்சரிக்கை மணி கத்தக்கூடாது. என் மனைவியின் உண்மையான குசினி அதுதான்.

“குசினிக்குள்ள கடலைக் கொண்டுவந்து விடப் போறியளோ?” என்று கேட்டாள்.

நான் நாடாவால் அளந்து காட்டினேன். அரிசி வாளிகளை நகர்த்தினேன், பெரிய பிரீசரைச் சுவரோடு தள்ளினேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் திரிந்தேன். மூன்றாம் நாள் அவள் விட்டுக்கொடுத்தாள். படகின் பின்பக்கத்துக்கும் அவளுடைய அடுப்புக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது.

நிறுத்துவதை நான் முறையாகவே செய்தேன். முன்பக்கத்தை உயர்த்தி, பின்னால் அடியில் இருக்கும் அடைப்பானைக் கழற்றி விட்டேன். அப்படி விட்டால் உள்ளே தண்ணீர் தங்காது, வடிந்துவிடும். சீமெந்துத் தரையில் கறை படியாமல் கீழே பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றையும் விரித்தேன். பெற்றோல் டாங்கில் மட்டும் பிழை விட்டேன். பாதியாக விட்டால் உள்ளே ஈரம் பிடிக்கும், நிரப்பிவிட்டுக் கழற்றி வெளியே தகரக் கொட்டிலில் வை என்று மச்சான் சொல்லியிருந்தான். நிரப்பினேன். நிரம்பிய டாங்கைத் தூக்க என் முதுகு இடம் கொடுக்கவில்லை. பிறகு பார்ப்போம் என்று படகுக்குள்ளேயே விட்டேன். டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக்கூடக் கழற்றவில்லை.

அவள் கண்ணுக்கு அது தப்பவில்லை. “டாங்க் உள்ளயோ கிடக்கு?”

“மூடி இறுக்கித்தான் கிடக்கு, பயப்படாதையும். கொஞ்சம் கசிஞ்சாலும் என்ர மூக்குக்குத் தெரியாமல் போகுமே?”

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். ஏனென்றால் எனக்கு மூக்கு வேலை செய்யாமல் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் என் மூக்குக்கு ஒரு பேர் உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே என்ன கறி, அதில் வெந்தயம் கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். சொந்தக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பெரிய ஆளாக்கி வைத்திருந்தார்கள். கொரோனா வந்து போனபோது அதையும் கொண்டு போய்விட்டது. உப்பு, புளி, உறைப்பு, இனிப்பு தெரியும். மற்ற எதுவும் இல்லை. காய்ச்சல் விட்டு எழுந்த அன்று அவள் இறால் குழம்பு வைத்துவிட்டு, “எப்பிடி?” என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்த நோயில் கிடந்து எழுந்தவள். “அருமை” என்றேன். நாளைக்கு மணம் திரும்பிவிடும் என்று நினைத்துச் சொன்ன பொய். நாளைக்கும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது. அவள் மனம் நோகக்கூடாது என்று தொடங்கியது, என் மானம் போகக்கூடாது என்பதில் வந்து நின்றது. டாக்குத்தரிடம் கூடத் தனியாகத்தான் போய்வந்தேன்.

அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. வேலையால் வந்ததும் கராஜுக்குப் போய், முழந்தாளிட்டு, படகுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். தரை காய்ந்திருக்கும். கார்ப்பெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கும். ஆனால் மெல்பேர்ண் குளிரில் எதைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்கும். ஈரமா குளிரா என்று கைக்குத் தெரியாது. விரலை மூக்குக்குக் கொண்டு போவேன். பழக்க தோஷம். பிறகு என் மீதே எரிச்சல் வரும். டாங்கைக் கழற்றி வெளியே வைத்தால் முடிகிற விஷயம். இந்தச் சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஜூலையில் அவளுடைய அப்பாவின் திவசம் வந்தது. அந்தக் கிழமை முழுக்க அவளுக்கு மூக்கடைப்போடு கடும் தடிமன். நாங்கள் கஞ்சியும் கடையில் வாங்கிய பாணுமாகச் சமாளித்தோம், கராஜ் அடுப்பை யாரும் மூட்டவில்லை. திவசத்தன்று காலை அவள் தலை முழுகி, வடைக்கு அரைத்த மாவை எடுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தாள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது. வெளியே மழையும் தெற்குக் காற்றும். கதவைத் திறந்தால் நெருப்பு அணைந்துவிடும் என்று சுருள் கதவை இறக்கியே விட்டிருந்தோம். நான் வாழையிலை துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைக் கூப்பிட்டாள். மூக்கடைத்த குரல்.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா மணந்து பாருங்கோ. படகு வந்த நாளிலயிருந்து நான் மணந்து பாத்திட்டுத்தான் அடுப்பைப் பத்த வைக்கிறனான். இண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

எனக்கு அது புதுச் செய்தி. இரண்டு மாதமாக அவள் ஒவ்வொரு நாளும் மணந்து பார்த்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நான் தடவித் திரிந்ததை அவளுக்குச் சொல்லாததைப் போலவே.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? படகின் பின்பக்கமாகக் குனிந்து, பெரிய நிபுணன் மாதிரி இரண்டு தரம் மூச்சை இழுத்தேன். நிமிர்ந்து, “இல்லை” என்றேன்.

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் சொல் அவளுக்குப் போதும். சிலிண்டரைத் திறந்தாள். மேசையில் இருந்து லைட்டரை எடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நான் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அடுப்புப் பக்கம் குனிந்தபோதுதான் பாய்ந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மாவுச் சட்டி தட்டுப்பட்டுத் தரையில் கொட்டியது.

“பத்த வையாதையும். எனக்கு மணக்காது.”

“என்ன?”

“எனக்கு மூக்கு வேலை செய்யிறேல்லை. ரெண்டு வருஷமா.”

அவள் லைட்டரை மெதுவாக மேசையில் வைத்தாள். சிலிண்டரைப் பூட்டினாள். பிறகு கதவைத் திறக்க சுவரிலிருந்த பட்டனுக்குக் கையை நீட்டினாள். “அதையும் தொடாதையும்” என்றேன். கதவைத் தூக்கும் மோட்டாரில் பொறி பறந்தாலும் போதும். மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்க மேலே தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, கதவை இரண்டு கையாலும் தூக்கினேன்.

மச்சான் அப்போதுதான் காரை நிறுத்திவிட்டு, மழைக்குத் தலையில் பையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். கராஜ் வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

“டேய், என்ன பெற்றோல் நாத்தமடா? ரெண்டு பேரும் வெளியில வாங்கோ.”

குழாயில் அந்தக் கிழமைதான் வெடிப்பு விழுந்திருக்க வேண்டும். பெற்றோல் துளித்துளியாகப் படகுக்குள் விழுந்து, நான் முறையாகத் திறந்து விட்டிருந்த துளை வழியே வடிந்து, நான் முறையாக விரித்திருந்த கார்ப்பெட்டுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தக் கிழமையும் தரை என் கைக்குக் காய்ந்தே தெரிந்தது. மச்சான் கார்ப்பெட்டை ஒரு தடியால் இழுத்து மழைக்குள் போட்டான். பிறகு இருவருமாகப் படகை வெளியே தள்ளினோம். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வடையை அவள் வீட்டுக்குள் இருந்த குசினியில் மீதி மாவில் சுட்டாள். புகை மணி கத்தியது, நான் துவாயால் விசிறிக்கொண்டு நின்றேன். படைத்தோம், கும்பிட்டோம், சாப்பிட்டோம். மச்சான் மத்தியானமே படகைத் தன் வண்டியில் கொழுவி, முதலில் சொன்ன லவர்ட்டன் வளவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு அவள் சட்டி கழுவினாள், நான் துடைத்தேன். இறால் குழம்பைப் பற்றி, இரண்டு வருடப் பொய்யைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. தண்ணீரைப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இல்லை எண்டு சொன்னனீங்கள். பிறகுதான் வந்து கையைப் பிடிச்சனீங்கள். இடையில கொஞ்ச நேரம் நிண்டனீங்கள். அதுக்குள்ள என்ன யோசிச்சனீங்கள்?”

பயத்தில் உறைந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஆனால் எனக்கு இன்னொரு பொய்க்குத் தெம்பு இருக்கவில்லை.

“அனேகமா கசிவு இராது எண்டு யோசிச்சன். மூக்குப் போனது உமக்குத் தெரிய வந்தால் வெக்கம் எண்டு யோசிச்சன்.”

“அவ்வளவுதானோ?”

“ஓம்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதைத் தாங்க எனக்குத் தெரியும்.

“எப்பவும் முதல் வடை உங்களுக்குத்தானே தாறனான். இண்டைக்கு அப்பாவுக்குப் படைக்கிறதுக்கு முன்னம் தரேலாது, நீங்கள் பசி கிடக்கப் போறியள் எண்டு நான் அந்த நேரத்தில யோசிச்சுக்கொண்டு நிண்டன்” என்றாள்.