ஒன்பது கிளைகளும் ஒரு பொன்னாடையும்

எங்கள் கம்பெனியின் கிளைகளை இணைக்கப் புதிய அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை முதலாளி என் தலையில் கட்டியபோது, நான் பூரித்துப் போவேன் என்று எதிர்பார்த்தார். எனக்கோ வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணிடம் "இது உனக்கு நல்ல வாய்ப்புமா" என்று யாராவது சொன்னால், வேலை கூடும், சம்பளம் அதேதான் என்று பொருள். இந்த அகராதி எனக்கு எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டது.

உரம், களைக்கொல்லி, தெளிப்பான், எண்ணெய்க்கான செம்பனைக் குலையை அறுக்கும் கத்தி என்று தோட்டங்களுக்கு வேண்டிய சாமான்களை விற்கும் கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேலே. கிள்ளான், செந்தூல், செமினி, கேரி தீவு என்று அங்கங்கே ஒன்பது கிளைகள். கேரி தீவில் இருக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, ஒரு பில் போட வேண்டுமென்றால் அவருடைய கணினி பிரிக்ஃபீல்ட்ஸ் கணினியோடு பேச வேண்டும். அந்தப் பேச்சுக்காகவே கிளைக்கு ஒன்றாகத் தனி லைன் வாடகைக்கு எடுத்திருந்தோம். லைன் பழசாகி, மழை பெய்தால் இருமும், இடி இடித்தால் படுத்துவிடும். படுத்தால் எனக்குப் போன் வரும். எந்தக் கிளையிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் வார்த்தை "அக்கா, லைன் இல்லக்கா" என்பதுதான். தீபாவளி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர்கள்கூட அந்த வார்த்தையில்தான் ஆரம்பித்தார்கள்.

எங்கள் கணினிப் பிரிவில் ஆட்கள் இரண்டே பேர். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். வேனின் தலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளை கிளையாகப் போய்வருவது டெக்னிஷியன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். செந்தூல் ஃபிளாட்டில் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றி, அது எங்கே போகிறது என்று தமிழில் எழுதி வைப்பார். அவர் எழுதிய "கல்லாப்பெட்டி" என்ற பிளாஸ்டர் செமினி கிளையில் இன்னும் இருக்கிறது.

பிறகு விற்பனைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் சின்ன வயது, எல்லாருடைய சட்டையும் தேய்த்த சட்டை. எல்லாரும் திரையில் போட்டுக் காட்டிய படங்களில் நடுவில் ஒரு மேகம், மேகத்தைச் சுற்றி வீடுகள், வீடுகளுக்கு அம்புக்குறி. வந்தவர்களுக்கு வாழை இலைச் சாப்பாடு போடாமல் அனுப்புவது எங்கள் முதலாளிக்குப் பழக்கமில்லை. ஆகவே மதியம் கீழே போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, மேலே வந்து இரண்டாம் பாதிப் படத்தைப் பார்ப்போம். கணக்குப் பிரிவு அம்மா கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். எழுந்ததும் ஒரே கேள்வி கேட்பார்: இப்போது இருக்கும் லைனைவிட மலிவுதானே? மலிவுதான் என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். இப்படியே சில மாதங்கள் ஓடின. எனக்கு மேகத்தைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது.

கடைசியில் இரண்டு கம்பெனிகள் மிஞ்சின. இரண்டும் காட்டியவை, சாதாரண பிராட்பேண்டையும் ஒரு சிம் கார்டையும் வைத்துக்கொண்டு, ஒன்று படுத்தால் மற்றொன்றில் ஓடும் பெட்டிகள். வித்தியாசம் ஒரே இடத்தில்தான் இருந்தது. முதல் கம்பெனியின் பெட்டியைக் கூரியரில் அனுப்பினால் போதும், கிளையில் இருக்கும் கிராணியே இரண்டு ஒயரைச் செருகிவிடலாம், மிச்சத்தை அது தானே செய்துகொள்ளும். இரண்டாவது கம்பெனியின் பெட்டிக்கு ஆள் வேண்டும். ஆள் போய்ப் பொருத்த வேண்டும், அவ்வப்போது போய்ப் பார்க்கவும் வேண்டும்.

"பாஸ், இதுக்கு டெக்னிஷியனே வேணாம்" என்றான் முதல் கம்பெனிப் பையன், பெரிய பரிசைக் கொடுப்பவனைப் போல.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் மேசையின் கோடியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தார். அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பெட்டிகளில் எது நல்லது என்பது எனக்குக் கேள்வியாகவே இல்லை. அண்ணனுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பதுதான் கேள்வி.

இதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போகப்போகிற மனிதரிடம், உங்கள் வேலை போகப்போகிறதே, என்ன நினைக்கிறீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? நாங்கள் அப்படிப் பழகியவர்கள் இல்லை. ஒருவருக்கு நல்லது செய்வதென்றால் அவருக்குத் தெரியாமல் செய்துவிட வேண்டும், தெரிந்தால் அவருக்குக் கூச்சம், நமக்கும் கூச்சம். நான் வளர்ந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள்.

இரண்டு பெட்டிகளையும் சோதித்துப் பார்க்கக் கேரி தீவுக்குப் போனோம். அங்கேதான் லைன் மகா மோசம். பாலத்தைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த மழையில் முதல் பெட்டி திணறும், அதைக் குறித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அது திணறவில்லை. கிராணி தேநீர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. இரண்டாவது பெட்டியும் வேலை செய்தது, ஆனால் அண்ணன் அதன் பக்கத்திலேயே மடிக்கணினியோடு குந்தியிருக்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி, அந்த முதல் பெட்டி நல்ல சாமான்லா. அதையே எடுத்துருங்க" என்றார் அண்ணன்.

திரும்பி வரும் வழியில், கிள்ளானில் வண்டிகள் நகராமல் நின்றபோது, கேட்காமலேயே இன்னொரு தடவை சொன்னார். தன் பிழைப்பில் மண்ணைப் போடும் பெட்டியைக்கூட நல்ல பெட்டி என்று சொல்கிற நேர்மை யாருக்கு வரும்? இப்படிப்பட்ட மனிதரையா வீட்டுக்கு அனுப்புவது என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. அன்றைக்கு இரவு உணவுக்கு முறுக்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, யாரோடு சண்டை என்று கணவர் கேட்டார். பெட்டியோடு என்றேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மதிப்பெண் போட வேண்டும், அறிக்கை எழுத வேண்டும். பொய் எழுதவில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பது என் கையில் இருந்தது. மோசமான லைனில் கையால் சரிசெய்யும் வசதிக்கு நிறையக் கொடுத்தேன், கூரியரில் அனுப்பும் சௌகரியத்துக்குக் கிள்ளிக் கொடுத்தேன். கணக்குப் பிரிவு அம்மா விலை வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டினார். ஆளில்லாமல் கிளை படுத்தால் ஆகும் நஷ்டத்தைச் சொன்னேன். மறு வாரமும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். கூட்டம், மறு கூட்டம், அதற்கு முன்னால் கூட்டத்தைப் பற்றி ஒரு கூட்டம். எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போன நாட்களும் உண்டு.

கடைசிக் கூட்டத்தில் முதலாளி அறிக்கையைப் புரட்டாமல் என்னைப் பார்த்து, மனசில் இருப்பதைச் சொல் என்றார்.

"பாஸ், பெட்டி கெட்டுப்போனா வேற வாங்கிக்கலாம். நம்ம ஆளு போனா வாங்க முடியாது" என்றேன்.

முதலாளி நல்ல மனிதர்தான். அவருடைய அப்பா காலத்திலிருந்து இந்தக் கம்பெனியில் யாரையும் வேண்டாம் என்று நிறுத்தியதில்லை, அதில் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் நான் தொட்டேன், தெரிந்தேதான் தொட்டேன். அந்த வாரமே இரண்டாவது கம்பெனியோடு மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நான் கீழே இறங்கிப் போய் நின்றபடியே நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக், ஒன்று குடித்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருந்தது, ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு என்னையே எனக்குப் பிடித்திருந்தது.

ஆயுத பூசை அன்றைக்குப் புதுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பூசாரி வேன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். எல்லாக் கிளையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பொங்கலும் சுண்டலும் கொடுத்து முடிந்ததும் முதலாளி மைக்கைப் பிடித்தார். பெட்டி கெட்டால் வாங்கிக்கொள்ளலாம், நம்ம ஆளை வாங்க முடியுமா என்று என் வார்த்தையையே சொல்லி, அண்ணனை முன்னால் கூப்பிட்டார். சரிகை போட்ட பச்சைப் பொன்னாடை ஒன்றை அவருடைய தோளில் போர்த்தினார். அறுபது வயது வரைக்கும் இவர் எங்கேயும் போக மாட்டார், நம்மோடுதான் இருப்பார் என்று அறிவித்தார்.

எல்லாரும் கைதட்டினோம். அண்ணன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். பொன்னாடை ஒரு பக்கமாகச் சரிந்தது, பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை அவருக்கு. கண் கலங்கியிருந்தது. நெகிழ்ந்து போய்விட்டார் பாவம் என்று நினைத்து நானும் மூக்கை உறிஞ்சினேன்.

அடுத்த வாரம் புதுப் பெட்டிகளில் ஒன்றைப் பொருத்த அவரோடு வேனில் கேரி தீவுக்குப் போனேன். சொல்லாமல் செய்வதுதான் உதவி என்றெல்லாம் இருந்தவளுக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மதிப்பெண்ணை எப்படிப் போட்டேன், முதலாளியிடம் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் கிள்ளானிலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு நன்றி கிடைக்கும் என்று பார்த்தேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதை அவர் முந்தவில்லை.

பாலத்தைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். அவர் மனைவி சிங்கப்பூரை ஒட்டிய ஜோகூர் பாருவில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் விடியும் முன்பே கிளம்பிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இது எனக்கு முன்பே தெரியும். அண்ணன் இங்கே தனியாகக் கடைச் சோறு சாப்பிடுகிறார் என்பதும் தெரியும். தெரியாதது மிச்சம்தான். அவராக வேலையை விட்டு நின்றால் கையில் ஒன்றும் கிடைக்காது. கம்பெனி ஆள் குறைப்பு என்று அனுப்பினால், இத்தனை வருடச் சேவைக்குச் சட்டப்படி ஒரு தொகை வரும். அதை வைத்து ஃபிளாட் கடனை அடைத்துவிட்டு ஜோகூருக்குப் போய்விடலாம். டெக்னிஷியனே வேண்டாம் என்று அந்தப் பையன் சொன்ன அன்றைக்கே அவர் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம், இந்தத் தீபாவளி உங்களோடுதான் என்று.

"நான்தான் ரெண்டு தடவ சொன்னேனே தங்கச்சி, அதையே எடுத்துருங்கன்னு."

நேராகச் சொல்லியிருக்கலாமே அண்ணே என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"என்னை வீட்டுக்கு அனுப்புங்கன்னு எப்படிக் கேக்குறது? எங்கப்பா தவறினப்ப செலவெல்லாம் பாஸோட அப்பாதான் பாத்தாரு."

நான் இன்றைக்கே முதலாளியிடம் பேசுகிறேன், வேறு ஏதாவது வழி பண்ணச் சொல்கிறேன் என்று படபடத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம் தங்கச்சி. பொன்னாடை போட்டுட்டாரு."

இத்தனை மாதமும் என்னை அரித்த அலுப்பு மொத்தமும் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. யாருக்காக அலைந்தேனோ அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாருக்கும் நிம்மதியாகப் போயிருக்கும். மலிவான பெட்டி கிடைத்திருக்கும், நல்ல பெட்டியும் அதுதான்.

கிளைக்குப் போனதும் அவர் ஏணியைச் சுவரில் சாய்த்து மேலே ஏறினார். கழற்றி வைத்த சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையிலும் ஒயர், அதனால் என்னையே எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். எடுத்து அவர் பக்கமாக உயர்த்திப் பிடித்தேன். அவர் மனைவி. பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம். சாப்பிட்டாச்சா என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மா, ஆபீசில் முடிவு சொல்லிவிட்டார்களா என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கூரை ஓரத்து ஒயரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இன்னும் இல்ல. தங்கச்சிதான் பாத்துக்கிட்டு இருக்கு. நமக்கு நல்லதாத்தான் செய்யும்."

"சரி, அதுகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

சொல்றேன் என்றார் அண்ணன். அழைப்பு முடிந்த பிறகும் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த நீல ஒயரை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.