மிஷினுக்கு வைத்த விரல்

அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் ‘வெண்ணெய்’ என்று பெயர். எப்போது பார்த்தாலும் கை மினுமினுக்கும். ஆஸ்பத்திரி விரிப்புகளைப் பிளீச்சிங் தண்ணீரில் பதினோரு வருடம் அலசியதில் கரப்பான் பிடித்து, உள்ளங்கை முதல் விரல் நுனிவரை வெடித்துக் கிடந்தது. கையுறை போட்டால் வேர்த்து இன்னும் அரிக்கும். கை கழுவும்போதெல்லாம் ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவச் சொல்லியிருந்தார் டாக்டர். இடுப்பில் டியூபைச் செருகிக்கொண்டு நாளெல்லாம் தடவுவாள்.

அப்போதுதான் வருகைக்கு விரல்ரேகை மிஷின் வந்தது. கிரீம் தடவினால் வழுக்கியது. தடவாவிட்டால் வெடிப்பு ரேகையை மறைத்தது. இரண்டுக்கும் சிவப்பு விளக்குதான். முழு நாள் உழைத்தும் ஆப்சென்ட். மாதத்தில் மூன்று ஆப்சென்ட் விழுந்தால் ஆளை நிறுத்திவிடுவார்கள். முதல் இரண்டு நாளிலேயே இரண்டு விழுந்துவிட்டது.

“வெண்ணெய், உருகாம சீக்கிரம் நகரு!” என்றாள் வரிசையில் பின்னால் நின்ற இஸ்திரிக்காரி.

“உனக்கென்னடி, பாறாங்கல்லு கை. வச்சதுமே மிஷின் பயந்து பச்சை காட்டும்” என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைக்கும்படி, பிழையில்லாமல் மனு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்தாராம்.

“யாரும்மா எழுதினது?”

“என் தம்பி சார். டிகிரி படிச்சவன்.”

“நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா மிஷினுக்குப் படிக்கத் தெரியாதேம்மா. வேற விரலைப் பதிஞ்சு பாரு.”

ஒவ்வொன்றாக வைத்ததில் இடது கைச் சுண்டுவிரலுக்கு மட்டும் பச்சை எரிந்தது. அன்றிலிருந்து அந்த விரலுக்குப் பிளாஸ்டிக் உறை சுற்றி, நூல் கட்டி, தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்தபடியே அலசினாள். “மகாராணி வந்தாச்சு” என்று கூடத்தில் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கிரீம் அதற்குத்தான் முதலில். மிச்சம் இருந்தால் மற்ற ஒன்பதுக்கும்.

“மத்த விரலுக்கெல்லாம் யாரு போடுவா?” என்று கோபித்துக்கொண்டேன்.

“அதுங்க வேலைதான்டா செய்யுது. நான் வந்தேன்னு சொல்றது இது ஒண்ணுதானே.”

மூன்றாவது மாதம், உறைக்குள்ளேயே வேர்த்து வேர்த்துச் சுண்டுவிரலும் சிவந்தது. அவள் சொல்லவில்லை. இரண்டு ஆப்சென்ட் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை நானும் கூடவே போனேன்.

முந்தானையில் விரலைத் துடைத்தாள். ஊதினாள். வைத்தாள். சிவப்பு. மறுபடியும் வைத்தாள். சிவப்பு. இஸ்திரிக்காரி பின்னாலிருந்து நெருக்கியவர்களைக் கையால் நிறுத்தினாள். சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா வரிசையை விட்டு ஒதுங்கினாள். இடுப்பிலிருந்து டியூபை எடுத்து, தாராளமாகப் பிதுக்கி, பத்து விரலுக்கும் நிதானமாகத் தடவினாள்.

“நேத்து ஒரு தொட்டி விரிப்பு ஊறப்போட்டுட்டு வந்தேன்டா” என்றாள். “யாரு அலசப் போறாங்களோ.”