பத்தாவது ஆள்

எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டங்களில் எந்த நாடு பலசாலி என்று ஒப்பிட்டு விளையாட்டுப் பத்திரிகைக்கு எழுதுவது என் தொழில். கணக்கும் போட்டுத் திட்டும் வாங்குகிற பிழைப்பு உங்களுக்கும் இருந்தால் புரியும்.

மயிலாப்பூரில் ஒரு சந்தேகம்

முதல் ஆளை வைத்து நான் நாட்டை எடை போடுவதில்லை. அபூர்வமாக ஒருத்தர் எங்கேயும் பிறக்கலாம். அந்த நாட்டு வேகப் பட்டியலில் பத்தாவது ஆளின் நேரத்தைத்தான் பார்ப்பேன். அவரும் வேகமாக ஓடினால் ஊரே ஓடுகிறது என்று அர்த்தம். கென்யா அப்படி. நாம் அப்படி இல்லை.

பக்கத்து வீட்டு வக்கீலிடம் காப்பிக் கடையில் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"ஓய், பத்தாவதா வர்றவன் பேரு அவன் ஆத்துல இருக்கறவாளுக்காவது தெரியுமோ?"

அடையாறு மைதானம்

எனக்கே தெரியாது. உறைத்தது. தேடிப் போனேன்.

பெண்கள் எண்ணூறில் நம் பத்தாவது ஆள் கலா. ஆற்றங்கரையில் குடிசை, மைதானம் நடக்கிற தூரம். விடியும்போதே ஓடிக்கொண்டிருந்தாள். எண்ணூறை ஓடி முடிக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பதாவது இடம் எட்டிவிடும் தூரம்தான். விஷயத்தைச் சொன்னேன். மூச்சு வாங்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"இன்னா சார், பத்தாவதுக்கெல்லாமா தேடிக்கினு வருவாங்க?"

ஆசிரியர் அறை

மழைக்கு முன் ஆற்றங்கரையைக் காலி செய்தார்கள். கலா குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். நல்ல வீடுதான். ஆனால் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாலும், அதற்குள் பயிற்சி முடிந்து மைதானத்தைப் பூட்டியிருப்பார்கள். மைதானத்தை ஒட்டிய விளையாட்டு விடுதியில் ஓர் இடம் கிடைத்தால் ஓடுவாள். இல்லாவிட்டால் அவ்வளவுதான். அதை எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை ஆசிரியருக்கு என் மகன் வயது. படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"சார், ஜெயிச்சவங்களப் பத்திக் குடுங்க. பத்தாவது ஆளை யாரு சார் படிப்பா?"

தி. நகர் துணிக்கடை

அடுத்த பருவத்துப் பட்டியலில் கலா பெயர் இல்லை. பதினோராவது பெண் பத்தாவதானாள். அவள் வேகம் குறைவு. என் கணக்கில் நாடு ஒரு படி இறங்கியது. நம் முதல் ஆளோ பதக்கத்தோடு அட்டைப்படத்தில் சிரித்தாள்.

கலாவைத் துணிக்கடையில் பார்த்தேன். நாள் முழுக்க நிற்கிற வேலை. நாடு இறங்கியதைச் சொன்னேன். புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என் எடத்துக்கு வந்துக்கீற பொண்ணுக்காவது காலைல பஸ் கீதா சார்?"

நாட்டின் பலத்தை அளக்க இத்தனை காலம் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். பஸ் நேரத்தைப் பார்த்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.