அக்கா நடத்திய பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவளிடம் முதலில் அவளுடைய வெள்ளைச் சேலையைத்தான் எனக்குப் பிடிக்காமல் போனது. துணிக்குப் பஞ்சம் வந்து, தோட்டத்துப் பெண்கள் கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்த காலம். நான் என் கலியாணச் சேலையை இரண்டாகக் கிழித்து மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டிருந்தேன். அவளோ கூலிம் பட்டணத்திலிருந்து லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கும்போதே கஞ்சி போட்டு விறைத்த சேலையில் இருந்தாள். வயிற்றுக்கே கஞ்சி கிடைக்காத நாளில் சேலைக்குக் கஞ்சி போடுகிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரவள்ளிக்கிழங்கு கழுவிய தண்ணீரில் தோய்த்துக் காயப்போடுகிறாள் என்று பின்னால் தெரிந்தது. அது தெரிந்ததும் எரிச்சல் இன்னும் கூடிற்று. நானும் தினம் கிழங்கு கழுவித் தண்ணீரைக் கீழே ஊற்றிக்கொண்டுதானே இருந்தேன், எனக்கு ஏன் தோன்றவில்லை?

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில் செமிலிங்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் போய்விட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பண்டார் பாருவில் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான், ஆள் திரும்பவில்லை. பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாகப் பள்ளிக்கூடம் மட்டும், எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக் கடைசியில் சும்மா நின்றது. பிள்ளைகள் ஆற்றோரம் நண்டு பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

நான் அதே கொட்டகையில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். பால் வெட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்துவிட்டவள். ஒருநாள் காலையில் கதவைத் தள்ளித் திறந்து, எலிப் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு, திரிந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. சிலேட்டு கிடையாது, சாக்குக்கட்டி கிடையாது. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன். வாய்ப்பாட்டுக்குப் பலகைச் சுவரும் அடுப்புக் கரியும். ஜப்பான்காரன் வந்த மாதத்திலிருந்து மழை பிடிக்கிற காலம் வரை அப்படித்தான் ஓடியது. லயத்தில் எல்லோருக்கும் நான் அக்கா என்பதால் பிள்ளைகளும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அப்போது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

குறை தெரிந்தது அவள் வந்த பிறகுதான். டிஸ்திரிக் ஆபீசிலிருந்து அவளைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். கூலிமில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள், ஜப்பான் மொழி வகுப்புக்கும் போய்வந்தவள், கழுத்தில் சிலுவை. வந்த முதல் நாளே பிள்ளைகள் அவளை டீச்சர் என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சேலையைப் பார்த்ததுமே அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

என்னைப் போகச் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சின்னதுகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தாள். நான் கூட்டிப் பெருக்கிய கொட்டகையில் எனக்கே ஒரு மூலை! காலையில் அவள் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிய வைப்பாள், ஆபீசு உத்தரவு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாக நிற்பது என்றால் ஒன்றுதான் தெரியும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டு. டீச்சர் பெரட்டுக்கு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். நான் கூப்பிட்டால் ஆடி அசைந்து வருகிறவர்கள், அவள் பெரட்டுக்கு விழுந்தடித்து ஓடினார்கள்.

அவள் செருப்பை எடுத்து வைக்க அடிதடி. அவள் மேசையில் பப்பாளிப் பழம், சுட்ட பலாக்கொட்டை. என் மூலையில் மூக்கு ஒழுகும் சின்னதுகள். அவள் எழுதுகிற ழகரத்தைப் பார்த்தால் கோலம் போட்டது மாதிரி இருக்கும். பள்ளி விட்டதும் சுவரில் கிடந்த என் ழகரத்தை நான் துடைத்துவிட்டேன். வீட்டில் இதையெல்லாம் புலம்பினால் என் புருஷன் சிரிப்பார்.

“அந்தப் பிள்ள ஒன்ன என்னா பண்ணிச்சி? ஒனக்கு வயிறு எரியிதுலா, வேற ஒண்ணுமில்ல.”

எரிந்தது, உண்மைதான். ஆனால் அவர் சொல்லிக்காட்ட வேண்டுமா? அன்றைக்கு அவர் கிழங்கை உப்பில்லாமல் தின்றார்.

இந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கே ஆபத்து வந்தது. தோட்டத்தை ஒரு ஜப்பான் கம்பெனி எடுத்திருந்தது. கம்பெனிக்கு மாவு மூட்டை அடுக்க இடம் வேண்டும். கணக்கு எழுதப் புதிதாக வந்த கிராணிக்கு எங்கள் கொட்டகை கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் விட்டுப் போனதெல்லாம் எதிரி சொத்து, எதிரி சொத்தெல்லாம் கம்பெனிக்கு, ஆகவே கொட்டகையும் கம்பெனிக்கு என்று அவர் எழுதிப் போட்டார். பள்ளிக்கூடம் எங்கள் பொறுப்பு, கம்பெனிக்கு அதில் பாத்தியதை இல்லை என்று டிஸ்திரிக் ஆபீசில் மறுத்தார்கள். கடைசியில் விஷயம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. துரை போன பிறகும் பாடம் நிற்காமல் நடந்திருந்தால் அது பள்ளிக்கூடம், ஆபீசுக்கு. மூடிக் கிடந்திருந்தால் அது வெறும் கொட்டகை, கம்பெனிக்கு. கொட்டகை போனால் பிள்ளைகள் எல்லோரையும் கிழங்குக் காட்டில் புல் பிடுங்க இறக்குவதாகவும் பேச்சு அடிபட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. துரை போன பிறகு யார் பாடம் நடத்தியது? நான். டிஸ்திரிக் ஆபீசரே வந்து கேட்கப் போகிறார், நான்தான் சொல்லப் போகிறேன், அவள் கேட்டுக்கொண்டு நிற்கப் போகிறாள். கலியாணச் சேலையின் நல்ல பாதியைத் துவைத்து, கிழங்குத் தண்ணீரில் தோய்த்துக் காயப்போட்டேன். அது பிசுபிசுவென்று ஆனதே தவிர விறைக்கவில்லை.

ஆபீசர் மலாய்க்காரர், வயதானவர், நிதானமானவர். வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். தமிழ் தெரியாது என்பதால் கிராணியே மொழிபெயர்த்தார். துரை போன பிறகு உங்களுக்கு யார் பாடம் சொல்லிக்கொடுத்தது என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். முன் வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை, மணலில் விரலைப் பிடித்து நான் ஆனா எழுத வைத்தவள், சத்தமாகச் சொன்னாள்.

“அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க.”

கிராணி அதை மலாயில் சொன்னார். அக்காவுக்கு மலாயில் காக்கா. அவர் ஒரு சொல்லையும் திரிக்கவில்லை, அதுதான் கொடுமை. ஆபீசர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, என்னைக் காட்டி, காக்காவா, காக்காதானா என்று பிள்ளைகளிடம் நேராகவே கேட்டார். சின்னதுகளுக்கு என்ன மலாய் தெரியும்? ஆபீசர் அக்காவைக் காக்கா என்கிறார் என்று ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. என் நிறத்துக்குப் பொருத்தமாகவும் இருந்திருக்கும். அப்புறம் வரிசை முழுக்கச் சிரிப்பு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டல். ஆபீசர் புரிந்துகொண்டார். தம்பி தங்கைகளை வீட்டு அக்கா ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம் நல்ல பெண், ஆனால் அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயரில்லை.

நான் முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், நான் இவர்களுக்கு வீட்டு அக்கா இல்லை, பாடம் நடத்தினேன், இதோ சுவரில் வாய்ப்பாடு என்று சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார், பாடம் நடத்த அனுமதி இருக்கிறதா என்று. இல்லை என்றேன். அனுமதி இல்லாதவள் நடத்தினால் சட்டப்படி அது பள்ளிக்கூடம் ஆகாது என்றார். கிராணி அப்போதே கொட்டகையின் மூலைகளை அளப்பதுபோல் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது அவள் எழுந்தாள். நல்ல மலாயில், தடங்கல் இல்லாமல் பேசினாள். சான்றிதழ் உள்ள ஆசிரியை தான் என்றும், துரை போனது முதல் தானே இங்கே பாடம் நடத்தி வந்ததாகவும், ஆபீசு உத்தரவு பின்னால்தான் வந்ததென்றும், இந்த அக்கா தனக்கு ஒத்தாசையாக இருந்தவள் என்றும் சொன்னாள். முழுப் பொய். அந்த மாதங்களெல்லாம் அவள் கூலிமில் இருந்தாள், இந்தத் தோட்டம் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பொய் சொல்லி மாட்டினால் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் சேலை மடிப்பு மட்டும் கொஞ்சம் நடுங்கிற்று.

கிராணி புதியவர், அவருக்கு மறுக்கத் தெரியவில்லை. யார் சாட்சி என்று மட்டும் கேட்டார். ஆபீசர் என் பக்கம் திரும்பினார்.

என் மாதங்கள். நான் கூட்டிய எலிப் புழுக்கை, நான் சுமந்து வந்த மணல். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த வெள்ளைச் சேலை கசங்கிப்போகும். சொல்ல நாக்கு துடித்தது என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அந்தப் பெண்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு நின்றிருந்தது.

“ஆமா துவான்,” என்றேன். “அவங்கதான் டீச்சர். நான் கூடமாட இருந்தேன்.”

பள்ளிக்கூடம் பிழைத்தது. கிராணி மூட்டைகளை வேறு எங்கோ கொண்டுபோனார். அவர்கள் போன பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மன்னிச்சிக்குங்க அக்கா. எனக்கு வேற வழி தெரியல.”

கையை விடுவித்துக்கொண்டு, அடுப்பில் கிழங்கு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய் சொன்னதற்குக்கூட எனக்குக் கோபமில்லை. அந்தப் பொய் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் குடைந்தது. தோன்றியிருந்தாலும் என் வாயிலிருந்து வந்திருந்தால் செல்லாது.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் அவள் பிள்ளைகளை அப்படியே நிறுத்தினாள். இனிமேல் யாரும் அக்கா என்று கூப்பிடக் கூடாது, அவர்களும் டீச்சர்தான், டீச்சர் என்றே கூப்பிட வேண்டும் என்றாள். எனக்கு முகம் எரிந்தது. நான் ஆசைப்பட்ட அந்தச் சொல்லும் அவள் போட்ட உத்தரவாக வருகிறது. நல்ல மனதோடு கொடுக்கிறாள், வேண்டாம் என்று எறியவும் வழியில்லை. தலையைக் குனிந்துகொண்டு என் மூலைக்குப் போய் மணலைப் பரப்ப ஆரம்பித்தேன்.

முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்பிள்ளை, “டீச்சர்,” என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அவளைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.