எட்டாத இடத்துக் காலர்

எங்கள் வீட்டில் ஷாம்பு தீர்ந்துவிட்டதா இல்லையா என்பதை முடிவு செய்பவள் என் அக்கா. டப்பாவின் கெட்டியான பிளாஸ்டிக் அவளுக்குப் பிடித்துவிட்டால் ஷாம்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மிச்ச ஷாம்பு டம்ளரில் இருக்கும். அவள் புருஷன் ஒருமுறை பால் என்று நினைத்து அதை வாயில் ஊற்றிக்கொண்டார்.

அக்கா ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைக்கிறாள். கிரீடமோ இடுப்புப் பட்டையோ, விறைப்பாக நிற்கும் எதற்குள்ளும் எங்கள் வீட்டுச் சாமான் ஒன்று ஒளிந்திருக்கும். போன வருடம் ஒரு தளபதி எங்கள் ஐஸ்கிரீம் டப்பா மூடிகளைத் தோளில் சுமந்துகொண்டுதான் போருக்குப் போனான்.

இந்தத் தடவை வினை ராஜாவின் காலரில் வந்தது. தலைக்குப் பின்னால் விசிறி மாதிரி நிற்க வேண்டிய காலர். ராஜா வேஷம் இயக்குநருக்கு. மனுஷர் வியர்வையில் குளிப்பவர். ஒத்திகையில் கேன்வாஸ் காலர் நனைந்து தொங்கிவிட்டது.

"அரங்கேத்தத்துலயும் தொங்கினா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு வருட வேலை. அக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் தரை துடைக்கும் மருந்து கேனை அறுத்தாள். பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்த எழுத்து, தேய்த்தும் போகவில்லை. யார் கண்ணிலும் படக்கூடாதென்று அச்சை உள்பக்கமாக வைத்துக் காலர் துணிக்குள் தைத்தாள். மடித்த காலரே தைத்துப் பழகிய கை. நிற்கிற காலருக்கு உள்பக்கம்தான் சபையைப் பார்க்கும் என்பது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை.

அரங்கேற்றத்தில் காலர் கம்பீரமாக நின்றது. கொடுங்கோல் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். பின்னாலிருந்து விளக்கு எரிந்தது. மெல்லிய துணிக்குள்ளிருந்து எழுத்து பளிச்சென்று தெரிந்தது: ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா கர்ஜிக்கக் கர்ஜிக்க இன்னும் சிரித்தது. திரைக்குப் பக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் அவளே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். இயக்குநர் காலரைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். ஒரு வரியைப் படிக்க வெகு நேரம் ஆயிற்று.

"நான் நடிச்சு இவ்வளவு பேர் நிமிந்து உக்காந்ததே இல்ல" என்றார்.

வேலை இருக்கிறதா என்று அக்கா கேட்டாள்.

"இருக்கு. ராணிக்கும் ஒண்ணு தைங்க. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகக் குளியலறைக்குள் போனாள். நான் அன்றுதான் வாங்கிய ஷாம்பு டப்பாவில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இப்போது என் ஷாம்பு டம்ளரில் இருக்கிறது.