படகுக்காரனுக்குக் காசு

மகள் மூன்றாம் வகுப்பு. பழங்காலக் கிரேக்கர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடத்தில் சென்னை மியூசியத்துக்குக் கூட்டிப் போனார்கள். துணைக்கு ஓர் அம்மா வேண்டுமென்று டீச்சர் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டுக்காரர் தவறி ஆறு மாசம்கூட ஆகவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவர், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆனால் "நீயும் வாம்மா" என்றாள் மகள். அவர் போனதிலிருந்து அவள் வாய்திறந்து எதையும் கேட்டதில்லை. கிளம்பிவிட்டேன்.

கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பெட்டியே அதிர்ந்தது. இவள் மட்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மியூசியத்தில் கிரேக்கக் கண்காட்சி என்று ஜாடி, சிலை, பழைய காசெல்லாம் வைத்திருந்தார்கள். விளக்கம் சொன்ன பெண் நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"அந்தக் காலத்து கிரீஸ்ல யாராவது இறந்துட்டா வாயில ஒரு காசு வைப்பாங்க. அடுத்த உலகத்துக்குப் போக ஆறு தாண்டணும். படகுக்காரருக்கு அதுதான் கூலி" என்றாள்.

பிள்ளைகளிடம் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா மகராசிக்கு! டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் கையைத் தூக்கினாள். "காசு இல்லன்னா மிஸ்?"

"படகுல ஏத்த மாட்டாங்க. கரையிலயே நிக்கணும்."

அவள் முகம் மலர்ந்தது. மத்தியானம் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தானே அள்ளித் தின்றாள். நான் ஊட்டினாலும் இறங்காத சோறு. என் வயிறும் குளிர்ந்தது.

திரும்பும் ரயிலில் காதருகே வந்தாள்.

"அம்மா, அப்பா நெத்தியில ஒட்டின ஒர்ருபா, தூக்கசொல்ல கீழ வுழுந்துச்சு. நான் எடுத்து டப்பாவுல வெச்சிருக்கேன். அப்ப அப்பா போயிருக்க மாட்டாருல்ல? ஊட்டுக்குத்தானே திரும்பி வரணும்?"

பிணத்தின் நெற்றியில் ஒட்டும் காசு. அன்றைய அழுகையில் அது விழுந்ததை யார் கண்டார்கள்! இதை நம்பித்தானா பாவிப்பெண் சோறு தின்றாள்? ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் நாளைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். மறுநாளும் உட்காருவாள்.

"வரமாட்டாரு கண்ணு. அப்பா செத்துட்டாரு" என்றேன்.

அந்தச் சொல்லை அவளிடம் யாருமே சொன்னதில்லை. சாமிகிட்ட போயிட்டார் என்றுதான் எல்லோரும் சொல்லி வைத்திருந்தோம்.

அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அவருக்கு யாரும்மா காசு குடுத்தாங்க?"